யாருக்குச் சொந்தமாகப் போகிறது இந்த மனை?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் ‘வீடு-மனை’ பக்கத்தில், கலிபோர்னியாவின் மொபைல் ஹோம் பார்க்குகளில் இருப்பவர்களுக்கு வாடகைத் தொல்லை தீர்ந்து மனை சொந்தமாகும் காலம் வந்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அப்படியொரு பார்க்கில்தான் நானும் என் கணவரும் ஓய்வூதியத்தில் காலம் தள்ளுகிறோம். எங்கள் மனைக்காரரும் ஏறக்குறைய இதே வார்த்தைகளில் கடிதம் அனுப்பியிருக்கிறார். படித்ததிலிருந்து தூக்கம் இல்லை.

ஊரிலிருக்கும் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே வீடு எங்களுடையது, அது நிற்கும் மனை இன்னொருவருடையது. மனைக்கு மாதாமாதம் வாடகை. பெயர்தான் நகரும் வீடு. கொண்டுவந்து இறக்கியதும் அச்சையும் சக்கரத்தையும் கழற்றி, இரும்புத் தாங்கிகள்மேல் ஏற்றிவிட்டார்கள். சுற்றிலும் தகரம் அடைத்து, பக்கத்தில் கார் நிறுத்தக் கூரையும் போட்டாயிற்று. இனி அதைக் கிளப்ப ஆயிரக்கணக்கில் டாலர் வேண்டும். கிளப்பினாலும் பழைய வீட்டை வேறு பார்க்கில் சேர்த்துக்கொள்வது அபூர்வம். ஆகவே மனைக்காரர் எவ்வளவு ஏற்றினாலும் கொடுத்துத்தான் ஆக வேண்டும். இதனால்தான் இங்கே பல நகரங்கள் மனை வாடகைக்கு உச்சவரம்பு வைத்திருக்கின்றன.

அந்த வரம்பை உடைக்கத்தான், பார்க்கைத் தனித்தனி மனைகளாகப் பிரித்துக் குடியிருப்பவர்களுக்கு விற்கும் இந்த மனைப்பிரிப்பு என்பது என் குற்றச்சாட்டு. மாநிலச் சட்டத்தின் 66427.5 பிரிவின்படி, பிரித்த மனைகளில் ஒன்றே ஒன்று விற்றால் போதும், நகரத்தின் வரம்பு மொத்த பார்க்குக்கும் செல்லாமல் போகும். வாங்க முடியாதவர்கள் வாடகைக்கே தொடரலாம், உண்மைதான். அவர்களில் குறைந்த வருமானக்காரர்களுக்கு, முந்தைய நான்கு ஆண்டுகளின் சராசரி உயர்வுக்கு மேலோ, விலைவாசிக் குறியீட்டெண்ணின் உயர்வுக்கு மேலோ ஏற்றக்கூடாது. மற்றவர்களுக்கு நான்கே ஆண்டுகளில் சந்தை வாடகை! வருமான வரம்புக்குச் சற்று மேலே இருக்கும் எங்களைப் போன்றவர்கள் எங்கே போவது? வீட்டை விற்றுவிட்டுப் போகலாமென்றால், வாடகைக்கு வரம்பே இல்லாத மனைமேல் நிற்கும் பழைய வீட்டுக்கு என்ன விலை கிடைக்கும்?

குடியிருப்பவர்களின் கருத்தைக் கேட்டாக வேண்டும் என்று 2002இல் சட்டத்தில் சேர்த்தார்கள். மனைக்கு ஒரு ஓட்டு. எங்களுக்கு வந்த வாக்குச் சீட்டில் ஆதரவு, எதிர்ப்பு என்று கட்டங்கள் இருந்தன; மனையின் விலை மட்டும் எங்கும் இல்லை. அதை இந்தக் கட்டத்திலேயே சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லையாம். கத்தரிக்காய் வாங்கினால்கூட விலை கேட்டுத்தானே கூடையில் போடுகிறோம்?

“ஓட்டு வெறும் சம்பிரதாயம், நகரத்தால் எதையும் தடுக்க முடியாது” என்று இங்கே ஒரு பேச்சைப் பரப்புகிறார்கள். பழைய கதை அது. பாம் ஸ்பிரிங்ஸ் வழக்கிலும் (2002), சொனோமா கவுண்டி வழக்கிலும் (2009) நீதிமன்றங்கள் உள்ளாட்சிகளின் கையைக் கட்டிப்போட்டது நிஜம். ஆனால் சான்டா குரூஸ் கவுண்டியில், குடியிருப்பவர்கள் திரண்டு எதிர்த்த ஒரு பார்க்கின் விண்ணப்பத்தை உள்ளாட்சி நிராகரித்தது செல்லும் என்று 2012இல் தீர்ப்பு வந்தது. மறு ஆண்டே ஆளுநர் ஜெரி பிரவுன் கையெழுத்திட்ட செனட் மசோதா 510, பெரும்பான்மை ஆதரவு இல்லாவிட்டால் மறுக்கலாம் என்று தெளிவாகவே எழுதிவிட்டது. உங்கள் கட்டுரையில் இது பற்றி ஒரு வரிகூட இல்லை.

மனை சொந்தமாவது எனக்குக் கசக்கவில்லை. குடியிருப்பவர்களே சங்கமாகச் சேர்ந்து பார்க்கை மொத்தமாக வாங்கிய இடங்கள் இங்கே உண்டு. அதற்கென்றே மாநில அரசு 1980களில் கடன் திட்டம் கொண்டுவந்தது. அங்கே கேட்டவர்கள் குடியிருந்தவர்கள். இங்கே கேட்பவர் மனைக்காரர்.

எங்கள் பார்க்கில் எதிர்ப்பே அதிகம். விண்ணப்பம் அடுத்த மாதம் நகரசபைக்கு வருகிறது. இந்த வட்டாரத்தில் ஓட்டுரிமை உள்ள தமிழ் வாசகர்கள், சொந்த வீட்டில் இருந்தாலும் சரி, தங்கள் கவுன்சில் உறுப்பினருக்கு இரண்டு வரி எழுதுங்கள்: குடியிருப்பவர்கள் வேண்டாமென்று சொன்னதை நகரமும் வேண்டாமென்று சொல்லட்டும். அவருக்கு உங்கள் ஓட்டும் தேவை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வட கலிபோர்னியா