சிகரெட் கணக்கில் காணாமல் போகும் சேரி

ஒவ்வொரு நவம்பரிலும் டெல்லியைப் புகைமூட்டம் மூடியதும் அந்தச் செய்தி தவறாமல் வந்துவிடும்: இன்று இந்தக் காற்றைச் சுவாசிப்பது இத்தனை சிகரெட் பிடிப்பதற்குச் சமம். தீபாவளிக்கு மறுநாள் சென்னைக்கும் அதே வாய்ப்பாடு. நம் தோழர்களும் நல்லெண்ணத்தோடுதான் பகிர்கிறார்கள். ஆனால் இந்தக் கணக்கு யாரைக் காட்டுகிறது, யாரை மறைக்கிறது?

அமெரிக்காவின் பெர்க்லி எர்த் அமைப்பைச் சேர்ந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர் 2015இல் போட்ட கணக்கு இது. ஒரு கனமீட்டர் காற்றில் 22 மைக்ரோகிராம் பிஎம் 2.5 நுண்துகள் இருந்தால், அதை ஒரு நாள் சுவாசிப்பது ஒரு சிகரெட்டுக்குச் சமம் என்றார். அது மொத்த மரணங்களை வைத்துப் போட்டது, புற்றுநோயை மட்டும் வைத்து அல்ல. காற்று மாசு கொல்கிறவர்களில் பெரும்பகுதியினர் மாரடைப்பிலும் பக்கவாதத்திலும்தான் சாகிறார்கள்.

புற்றுநோயை மட்டும் எடுத்துக்கொண்டால் கதை வேறு. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை புகைபிடித்தலை 1986இலும், வெளிக்காற்று மாசை 2013இலும் உறுதியான புற்றுநோய்க் காரணிகள் என்று அறிவித்தது. இரண்டும் ஒரே பட்டியலில் இருப்பதால் இரண்டும் ஒரே அளவு நஞ்சு என்று பொருளில்லை. ஆதாரம் எவ்வளவு வலுவானது என்பதையே அந்தப் பட்டியல் சொல்கிறது. புகைப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு, புகைக்காதவரைவிட 15 முதல் 30 மடங்கு அதிகம். நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடினால் அந்த வாய்ப்பு ஏறத்தாழ 9 சதவீதம் கூடுகிறது. ஆகவே, 'காற்றே இப்படி இருக்கும்போது பீடியை விட்டு என்ன ஆகப்போகிறது' என்று கேட்கும் தம்பிகளுக்கு என் பதில்: விட்டுவிடுங்கள், கண்டிப்பாக விட்டுவிடுங்கள்.

இதையே திருப்பிப் போட்டு, அப்படியானால் காற்று பெரிய பிரச்சினை இல்லை என்று பேச ஒரு கூட்டம் காத்திருக்கிறது. 2016-17 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் புகைபிடிக்கும் வயதுவந்தோர் 10.7 சதவீதம். மூச்சு விடுவது அத்தனை பேரும், வயிற்றில் பிள்ளையைச் சுமப்பவர் உட்பட. சிறிய ஆபத்தையும் எல்லோர் தலையிலும் வைத்தால் பிணங்களின் எண்ணிக்கை பெரிதாகிவிடும்.

புகைக்காதவருக்குப் புற்றுநோய் எப்படி வருகிறது என்பதற்கும் இப்போது ஒரு விளக்கம் இருக்கிறது. வயது ஏற ஏற நம் நுரையீரலில் மரபணுப் பிழையுள்ள சில செல்கள் சும்மா உறங்கிக் கிடக்கும். நுண்துகள் அங்கே அழற்சியை உண்டாக்கி அவற்றைத் தட்டி எழுப்பிவிடுகிறது என்று 2023இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு காட்டியது.

அந்தத் துகள் யார் நெஞ்சில் அதிகம் இறங்குகிறது? சிகரெட் கணக்கு வாயை மூடிக்கொள்ளும் இடம் இதுதான். அது நகரத்தின் சராசரியைப் பேசும். கருத்தரங்குகளில் திரையில் ஓடுவதும் அதே சராசரிதான். ஆழ்வார்பேட்டையும் அத்திப்பட்டும் அதில் ஒன்று. ஆனால் சென்னையைச் சுற்றிய அனல்மின் நிலையங்கள் எங்கே நிற்கின்றன? வல்லூரிலும் அத்திப்பட்டிலும், அதாவது பொன்னேரி தனித்தொகுதியில். சுத்திகரிப்பு ஆலை மணலியில். சாம்பல் போய்ச் சேர்வது மீனவர்களின் எண்ணூர்க் கழிமுகத்தில். வடசென்னையின் குப்பை கொடுங்கையூரில். அங்கேயே குப்பை எரிவுலையும் வைக்கலாம் என்று மாநகராட்சி திட்டம் போட, 2025இல் அந்தப் பகுதி மக்கள் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். இந்த இடங்களையெல்லாம் இடவசதி மட்டும் பார்த்தா தேர்ந்தெடுத்தார்கள்? சேரியின் மேல் பட்ட காற்று ஊருக்குள் வரக்கூடாது என்று திசை பார்த்துக் குடியமர்த்திய சமூகம் இது. இன்று ஊரின் புகையைச் சேரிக்கு அனுப்புகிறது. ஆங்கிலத்தில் தீட்டுக்கும் மாசுக்கும் ஒரே சொல்தான். தமிழில் இரண்டு சொல் இருப்பதால் நாம் இரண்டையும் வேறு வேறு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

சிகரெட்டோடு ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் சிகரெட் கம்பெனிகளோடு ஒப்பிடுவோம். புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் 1950இல் எழுதினார்கள். 1954இல் அமெரிக்கக் கம்பெனிகள் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து, இன்னும் நிரூபணமாகவில்லை என்றன. நம் நாடாளுமன்றத்தில் ஒன்றிய அமைச்சர்கள் தரும் பதிலைப் பாருங்கள்: காற்று மாசால் மட்டுமே மரணம் நேர்ந்தது என்று நேரடியாக நிறுவும் தரவு இல்லையாம். 'மட்டுமே' என்ற சொல்லில்தான் சூட்சுமம். ஏழை எப்போது ஒரே ஒரு காரணத்தால் செத்தான்? அனல்மின் நிலையங்களின் கந்தகப் புகைக்கு 2015இல் வரம்பு போட்டார்கள். கெடுவைத் தள்ளித் தள்ளிப் போட்டு, 2025இல் பெரும்பாலான நிலையங்களுக்குக் கந்தக நீக்கக் கருவியே வேண்டாம் என்று விலக்கும் கொடுத்தார்கள். நுண்துகளுக்கு இந்தியா 2009இல் வகுத்த ஆண்டு வரம்பு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன அளவு 5. எட்டு மடங்கு நஞ்சு நம் நாட்டில் சட்டப்படி சுத்தமான காற்று.

சிகரெட் பெட்டியில் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கைப் படம் இருக்கிறது. புகைபோக்கியில் என்ன இருக்கிறது?

நிலக்கரிக் கிடங்கில் இருபது வருடம் மூட்டை சுமந்த ஒருவர் புற்றுநோய்ப் பிரிவுக்குப் போனால், கேட்கும் முதல் கேள்வி 'பீடி, சிகரெட் உண்டா?' உண்டு என்றால் கோப்பில் பீடி ஏறும், நிலக்கரி ஏறாது. பீடி அவர் செய்த தப்பாகிவிடும், நிலக்கரி யார் தப்பும் இல்லை என்றாகிவிடும். குப்பைமேட்டில் பொறுக்குபவருக்கும் சுடுகாட்டில் பிணம் எரிப்பவருக்கும் இதே கதைதான். அவர்கள் என்ன சாதி என்று நான் எழுத வேண்டியதில்லை.

சென்னையில் மக்கள்தொகை சார்ந்த புற்றுநோய்ப் பதிவேடு 1981 முதல் இருக்கிறது. நோயாளி என்ன வேலை செய்தார், எத்தனை வருடம் எந்தத் தெருவில் குடியிருந்தார் என்பதையும் கேட்டு எழுதச் சொல்வோம். அதை வார்டு வாரியாகப் பிரித்து, அந்தந்த வார்டின் காற்றுத் தரவோடு சேர்த்து வெளியிடச் சொல்வோம். கொடுங்கையூரில் எரிவுலைக்கு அடிக்கல் நடும் முன்பே அது மக்கள் கைக்கு வர வேண்டும்.