இடிப்பதற்குப் பெயர் புதுக்குதலா?

புதுமைக் கல்வி என்னும் பெயரால் தமிழகத்துப் பழம்பள்ளிக் கட்டடங்களின்மேல் கடப்பாரை விழுகின்றது. "பழையது, பாதுகாப்பற்றது" என்று ஒரு சொல்! அவ்வளவே. அடுத்த கோடைக்குள் அங்கொரு சிமிட்டிப் பெட்டி எழும். அதன் நெற்றியில் 'சுமார்ட்டு கிளாசு' என்று பலகை தொங்கும். வகுப்பறைக்குத் தமிழில் பெயரிடவும் வக்கற்றவர் எந்தப் புதுமையைக் கற்பிக்கப் போகின்றனரோ!

பிள்ளைகளின் உயிரினும் செங்கல் பெரிதன்று. 2004 சூலை 16இல் குடந்தைப் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் கருகினர். 2021 திசம்பர் 17இல் திருநெல்வேலிப் பள்ளியொன்றில் சுவர் விழுந்து மாணவர் மூவர் மாண்டனர். இவற்றைக் காட்டியே இடிப்பாளர் வாயடைக்கப் பார்க்கின்றனர். ஆனால், குடந்தையில் எரிந்தது கீற்றுக்கூரை. நெல்லையில் விழுந்தது கழிப்பறைச் சுவர். சுண்ணாம்புக் காரையால் எழுந்த பழமண்டபங்கள் இவற்றுக்கு எவ்வாறு பொறுப்பாகும்?

அம்மண்டபங்கள் பாழ்படுவதற்கு முதுமை மட்டுமா கரணியம்? கடுக்காய் நீரும் வெல்லமும் கூட்டி அரைத்த சுண்ணாம்புக் காரை ஈரத்தை வாங்கும். வாங்கியதை வெளியே விடும். சுவர் மூச்சுவிடுகின்றது என்பர் கொத்தர். அதன்மேல் 'பழுதுபார்ப்பு' என்று சிமிட்டியைப் பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்படும், உப்புப் பூக்கும், செங்கல் பொரியும், பூச்சு பாளம் பாளமாகப் பெயரும். பிறகு அதே ஒப்பந்தக்காரர் வந்து, "கட்டடம் தாங்காது" எனச் சான்று கூறுவார். நோயைத் தந்தவரே சாவோலையும் எழுதுகின்றார்!

தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் எதிரெதிர்ச் சாளரங்களும் மின்விசிறி இல்லாக் காலத்திலேயே வெயிலைத் தடுத்தன. தாழ்ந்த கற்காரைத் தளத்தின் கீழே இன்றைய மாணவன் வேகின்றான்.

கணித மேதை இராமானுசன் பயின்ற குடந்தை நகர உயர்நிலைப்பள்ளி 1864இல் தொடங்கப்பெற்றது. அவருடைய கணக்கு அறிவு வளரக் கண்ணாடி முகப்பா துணைநின்றது?

கணிப்பொறி வேண்டும், ஆய்வகம் வேண்டும், அவற்றுக்கு முன்னர், தூய கழிப்பறையும் மாற்றுத்திறனாளி ஏறும் சாய்தளமும் வேண்டும். இவற்றுள் எதற்கும் பழஞ்சுவர் தடையன்று. மின்கம்பியைச் சுவரைக் குடையாமலே கொண்டுசெல்லலாம். உளுத்த உத்தரத்தை மட்டும் மாற்றலாம். மெய்யாகவே தாங்காத பகுதியைப் பொறியாளர் ஆய்ந்து சொல்லட்டும்; அது இறங்கட்டும்.

2012இல் தீப்பட்ட சேப்பாக்கத்துக் கலசமகாலைப் பொதுப்பணித்துறை இடித்துத் தள்ளவில்லை. பழைய முறையிலேயே மீட்டெடுத்தது. அரசு அலுவலகத்துக்குக் கிடைத்த அந்தக் கொத்தரும் சுண்ணாம்பும் பள்ளிக்கு மட்டும் ஏன் கிடைப்பதில்லை? பள்ளியை இடிக்கும் ஆணையில் கையெழுத்திடும் அலுவலர் முதலில் இதற்கு விடை சொல்லட்டும்.