தூண்டிலைப் பழிக்குமுன்

பாதிரிமார் பசியைத் தூண்டிலாக்குகின்றனர் என்று நம் மேடைகள் முழங்கக் கேட்டிருக்கிறோம். துயரத்தை விலைபேசி மதம் மாற்றுவது தவறே; அதில் ஐயமில்லை. ஆனால், துயருற்றோரை நாடி நாம் சென்றோமா?

திண்டிவனத்தை நினைப்போம். 1890களில் ஓரிரவு, அங்கிருந்த மிஷன் பங்களாவின் கதவை மூவர் அடுத்தடுத்துத் தட்டினர். பேறுகால வேதனையில் துடித்த தம் மனைவியருக்கு ஒரு பெண்ணின் உதவி வேண்டினர். அவர்களுள் ஒருவர் முஸ்லிம். மருத்துவரான பாதிரியார் இருந்தும், ஆடவர் தொடலாகாதென மறுத்தனர். விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர். பாதிரியாரின் மகள் ஐடா ஸ்கடர் அதைக் கண்டு கலங்கினார். அமெரிக்கா சென்று மருத்துவம் கற்று, 1900இல் வேலூரில் பணி தொடங்கினார். 1918இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியும் கண்டார். அந்த முஸ்லிம் சகோதரியின் மரணம் நம்மை எழுப்பியதா?

1983க்குப் பின் இலங்கைப் போர் அகதிகளை நம் கரை சேர்த்தது. விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்ப்புத்துப்பட்டிலும் முகாம் எழுந்தது. பெத்ரோ அருப்பே 1980இல் நிறுவிய சேசு சபை அகதிகள் பணி, தமிழக முகாம்களின் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டியது. அருகே வாழும் நம் ஜமாஅத்துகளில் எத்தனை அம்முகாமின் வாயிலை மிதித்தன?

1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது கண்ணீர் வடித்தோம். அகதியின் கண்ணீருக்கு மதமுண்டோ? ஸதக்காவுக்கு மதவேலி இல்லையே!

சகோதரர்களே! தூண்டிலைப் பழிக்குமுன், பிரதிபலன் கேளாத ஒரு பிடிச் சோற்றோடு நாம் புறப்படுவோம். அதுவே தக்க மறுமொழி.