பத்து நிமிடச் சமரசம்



விவாகரத்துக்கு முன், இயன்ற வழக்குகளில் தம்பதியைச் சேர்த்துவைக்க நீதிமன்றம் எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்கிறது 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 23(2) பிரிவு. என் தங்கை வழக்கில் அந்த முயற்சி பத்தே நிமிடம். ஆலோசகர் கோப்பிலிருந்து தலை நிமிராமலே, "அனுசரிச்சுப் போம்மா" என்றார். அவள் நீட்டிய ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

வழக்கை 15 நாள் வரை ஒத்திவைத்து, தம்பதி சொல்லும் ஒருவரிடம் பேச்சுக்கு அனுப்பவும் அதே சட்டம் இடம் தருகிறது. அதை எங்களுக்கு யாரும் சொல்லவே இல்லை. எங்கள் பெரியப்பா பேசியிருந்தால் மாப்பிள்ளை கேட்டிருப்பாரோ என்று அம்மா இன்றும் புலம்புகிறார். சேர்த்துவைப்பது என்றால் பெண்ணைப் பொறுத்துப்போகச் சொல்வது மட்டும்தானா? முதலில் அவளைத் தனியாக உட்காரவைத்து, அவள் சொல்வதை முழுதாகக் கேளுங்கள்.

ஒரு வாசகி,
திருச்சி