பத்தாவது பாஸ் ஆனவர்களுக்கான விமான நிலையம்

விமான நிலையம் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளில் பெரும்பாலும் ஒரு காபி இருக்கும். விலை அதிகமான காபி. பக்கத்தில் கண்ணாடிச் சுவர், வெளியே ஓடுபாதை, மடியில் பாதி படித்த நாவல். எழுதுகிறவர் அங்கே ஊர், பேர், சாதி எல்லாம் கழன்று வெறும் பயணியாகிவிட்டதாகச் சொல்வார். பிரெஞ்சு மானுடவியலாளர் மார்க் ஓஜே 1992ல் வெளியிட்ட புத்தகத்தில் விமான நிலையம், நெடுஞ்சாலை, சூப்பர் மார்க்கெட் போன்றவற்றை 'இடமற்ற இடங்கள்' என்று சொன்னது நம் ஆட்களுக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. யார் என்று நிரூபித்த பிறகுதான் அங்கே யாரோ ஒருவராக இருக்க முடியும் என்று அதே ஓஜே சொல்வதை மட்டும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

என் சண்டை அங்கேதான் ஆரம்பிக்கிறது. விமான நிலையம் இடமற்ற இடம் இல்லை. 'நீ யாரு, எதுவரைக்கும் படிச்சே, எதுக்குப் போறே' என்று வாசலுக்கு வாசல் கேட்கிற இடம் நம்ம பக்கத்தில் அதைப்போல இன்னொன்று கிடையாது. பதில் கைவசம் இருக்கிறவர்களுக்குக் கேள்வியே காதில் விழுவதில்லை, அவ்வளவுதான்.

எனக்கு ஊர் வளவனூர். விழுப்புரத்துக்கும் பாண்டிச்சேரிக்கும் நடுவில். எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் மீனம்பாக்கம் போவது எப்படி என்று பாருங்கள். டவுன் பஸ்ஸில் விழுப்புரம். அங்கிருந்து விக்கிரவாண்டி, திண்டிவனம், செங்கல்பட்டு தாண்டி, 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து முனையம். அங்கே இறங்கி இன்னொரு பஸ். கிட்டத்தட்ட நூற்று அறுபது கிலோமீட்டர். இத்தனை தூரத்திலும் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு அம்மாகூட வழி தவறுவதில்லை. பஸ்ஸில் ஊர் பெயர் தமிழில் இருக்கிறது. படிக்கத் தெரியாதவருக்காக கண்டக்டர் கத்துகிறார். டீக்கடைக்காரர், பக்கத்து சீட்டுக்காரர், எல்லாரும் வழி சொல்கிறார்கள். நம் பேருந்து நிலையங்கள் அழுக்காக இருக்கலாம், ஆனால் அவை பேசும்.

விமான நிலைய வாசலில் அந்தப் பேச்சு நின்றுவிடுகிறது. சிஐஎஸ்எஃப் காவலர் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் பார்த்து, போகிறவரை மட்டும் உள்ளே விடுகிறார். வழியனுப்ப வந்த, நாலு எழுத்து படித்த மகளோ மச்சானோ வாசலோடு சரி. உதவி தேவைப்படும் சரியான இடத்தில் உதவி செய்யக்கூடியவரைப் பிரித்து வெளியே நிறுத்துகிறோம். உள்ளே போனவருக்குக் கையில் போர்டிங் பாஸ் என்று ஒரு சீட்டு கொடுக்கிறார்கள். அதில் தமிழ் ஒரு எழுத்துகூடக் கிடையாது. சீட் எண் எது, கேட் எண் எது, நேரம் எது? சென்னை விமான நிலையப் பலகைகளில் தமிழ் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பலகையைத் தாண்டினால் திரை, சீட்டு, கவுன்ட்டர், கேள்வி.

போதாததற்கு 'அமைதியான விமான நிலையம்' என்று ஒரு நாகரிகம் வந்திருக்கிறது. மும்பை, டெல்லி உட்படப் பல இடங்களில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒலிபெருக்கியில் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். சத்தம் தொந்தரவு என்று யார் புகார் சொல்லியிருப்பார்கள்? திரையைப் படிக்கத் தெரிந்தவர்கள்தான். திரை படிக்க முடியாதவருக்குக் காது ஒன்றுதான் வழி, அதையும் அடைத்தாகிவிட்டது.

சனங்கள் சும்மா இருப்பார்களா? அவர்களும் வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகும் அம்மா அப்பாக்களுக்கு டிக்கெட் போடும்போதே வீல்சேர் கேட்டுவிடுகிற வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நன்றாக நடக்கிறவர்கள்தான். வீல்சேர் கேட்டால் தள்ளிக்கொண்டு போக ஒரு ஆள் வருவார், வரிசை வரிசையாக அவரே கொண்டுபோய் விடுவார். அவர்கள் வீல்சேர் வாங்குவது காலுக்காக இல்லை, வாய்க்காக. இதை 'ஏமாத்து வேலை' என்று திட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊனம் என்று சொன்னால்தான் ஒரு மனுசரைத் துணைக்குத் தருவோம் என்று வைத்திருப்பது யார் வேலை?

'கத்துக்க வேண்டியதுதானே, யூடியூப்ல எத்தனை வீடியோ இருக்கு' என்பது அடுத்த பதில். முதல் முறை பறப்பவர்களுக்கான பத்துக் குறிப்புகள். நல்லது, பாருங்கள். ஆனால் ஒரு பொதுக் கட்டடத்தைப் பயன்படுத்த வீட்டில் உட்கார்ந்து பாடம் படிக்க வேண்டியிருந்தால், தேர்வில் ஃபெயில் ஆனது கட்டடம்.

இனி இ.சி.ஆர். சென்னைக்காரர்களுக்கு இ.சி.ஆர். என்றால் கடற்கரைச் சாலை, சனிக்கிழமை பிரியாணி. எங்கள் பக்கத்தில் அது பாஸ்போர்ட்டில் அச்சாகும் மூன்று எழுத்து. குடிபெயர்வு அனுமதி தேவைப்படுபவர் என்று அர்த்தம். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் வரும் ஏற்பாடு இது. பத்தாம் வகுப்பு தேறாதவர், வருமான வரி கட்டுவது போன்ற வேறு விலக்குகளும் இல்லாதவர் என்றால், சவுதி, எமிரேட்ஸ், குவைத், கத்தார், மலேசியா போன்ற பட்டியல் நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் அனுமதி வாங்க வேண்டும். பத்தாவது தேறியவருக்கு அந்த முத்திரையே விழாது.

இதை எதிர்த்துப் பேசினால் நியாயமான ஒரு மறுப்பு வரும். பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும் முதலாளிகள், சொன்ன சம்பளம் கொடுக்காத கம்பெனிகள், வீட்டு வேலைக்குப் போய் அடைபட்ட பெண்கள், எல்லாம் உண்மை. அனுமதி வாங்கிப் போகிறவருக்கு ஒப்பந்தம் சரிபார்க்கப்படுகிறது. இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய் கட்டினால், விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ 10 லட்சம் ரூபாய் காப்பீடு இருக்கிறது. இதையெல்லாம் தூக்கி எறி என்று நான் சொல்லவில்லை. பாதுகாப்பை எந்த இடத்தில், யார் மேல் வைத்திருக்கிறோம் என்பதுதான் கேள்வி. விசிட் விசாவில் அனுப்பி 'அங்க போய் மாத்திக்கலாம்' என்று சொன்ன ஏஜென்ட் ஊரில் இருக்கிறான். பிடிபடுவது யார்? நகையை அடகு வைத்து, நிலத்தை ஒத்திக்கு விட்டுக் கிளம்பிய ஆள். அதுவும் எங்கே? பெட்டியை உள்ளே அனுப்பிவிட்டு, கடைசியாக நிற்கும் குடியேற்றக் கவுன்ட்டரில். டிக்கெட் போடும்போது யாரும் சொல்லவில்லை. அந்தக் கடைசி வரிசையில், அவருக்குத் தெரியாத பாஷையில், 'நீ போக முடியாது' என்று சொல்வதற்குப் பெயர் பாதுகாப்பா?

பாதுகாப்பு என்று ஆரம்பிப்பது அடையாளம் குத்துவதில் முடியும் என்பதற்கு ஊகம் தேவையில்லை. 2018 ஜனவரியில் மத்திய அரசே செய்து காட்டியது. இ.சி.ஆர். பாஸ்போர்ட்டுகளுக்கு ஆரஞ்சு நிற அட்டை போடப்போவதாக அறிவித்தார்கள். மற்றவர்களுக்குக் கருநீலம், பத்தாவது தேறாதவருக்கு ஆரஞ்சு. வரிசையில் நிற்கும்போதே தூரத்திலிருந்து தெரிந்துவிடும். எதிர்ப்பு கிளம்பியது, அதே மாதம் 30ஆம் தேதி கைவிட்டார்கள். நிறம் போனது. அதை யோசித்த பார்வை அந்த வரிசையில் இன்னும் நிற்கிறது.

இந்தப் பார்வை படிக்காதவர்களோடு நின்றுவிடுவதும் இல்லை. 2020 ஆகஸ்டில் சென்னை விமான நிலையத்தில், இந்தி தெரியாததால் ஆங்கிலத்திலோ தமிழிலோ பேசச் சொன்னதற்கு 'நீங்கள் இந்தியரா' என்று ஒரு சிஐஎஸ்எஃப் அதிகாரி தன்னிடம் கேட்டதாக கனிமொழி எழுதினார். நாடாளுமன்ற உறுப்பினருக்கு நடந்ததால் அது செய்தி ஆனது. ட்விட்டர் கணக்கு இல்லாதவருக்கு நடந்தால் அது வெறும் செவ்வாய்க்கிழமை.

இன்னொரு வேடிக்கை இருக்கிறது. மீனம்பாக்கத்தில் பன்னாட்டு முனையத்துக்கு அண்ணா பெயர், உள்நாட்டு முனையத்துக்குக் காமராஜர் பெயர். 1968ல் சட்டமன்றத்தில் இருமொழிக் கொள்கைத் தீர்மானம் கொண்டுவந்தவர் பெயரில் இருக்கும் முனையத்தில் தமிழ் பலகையோடு நிற்கிறது. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டு, 1954லிருந்து ஒன்பது வருடம் முதலமைச்சராக இருந்தவர் பெயர் பக்கத்து முனையத்தில். அவர் பதவிக்கு வருமுன் ஒரு இளைஞராக குவைத்துக்கு வேலைக்குப் போக நினைத்திருந்தால், இன்றைய விதிப்படி அவர் பாஸ்போர்ட்டிலும் அந்த மூன்று எழுத்து விழுந்திருக்கும்.

'சிஸ்டம் அப்படி, மாத்த முடியாது' என்று சலித்துக்கொள்கிறவர்களுக்கு ஒன்று நினைவுபடுத்துகிறேன். முன்பெல்லாம் வெளிநாடு கிளம்பும் ஒவ்வொரு இந்தியரும் ஒரு புறப்பாட்டுப் படிவம் நிரப்ப வேண்டும். பேனா வைத்திருப்பவரைத் தேடி, 'அண்ணே, கொஞ்சம் எழுதிக் குடுங்கண்ணே' என்று பாஸ்போர்ட்டை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். தவிர்க்கவே முடியாத படிவம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். 2017 ஜூலை 1 முதல் எடுத்துவிட்டார்கள். எடுத்ததால் நாட்டுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

அதனால் கேட்க வேண்டியதைக் கேட்போம். ஒவ்வொரு விமானத்துக்கும் தமிழில், வாயால் அறிவிப்பு. சென்னையிலும் திருச்சியிலும் குடியேற்றக் கவுன்ட்டரில் தமிழில் கேள்வி கேட்கத் தெரிந்த அதிகாரி. முதல் முறை போகிறவரோடு ஒரு துணை உள்ளே வர, பாதுகாப்புச் சோதனை வரைக்குமாவது, காசில்லாத அனுமதி. குடிபெயர்வு அனுமதி இருக்கிறதா என்ற சோதனை, கடைசிக் கவுன்ட்டரில் வேண்டாம், டிக்கெட் விற்கும் இடத்தில். தவறு இருந்தால் முதல் வழக்கு ஏஜென்ட் மேல்.

இலக்கியம் படிக்கிற நமக்கும் ஒரு வேலை உண்டு. அடுத்த முறை அங்கே காபியோடு உட்காரும்போது, போர்டிங் பாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு ஒருவர் நிற்பார். நாவலை மூடி வைத்துவிட்டு 'எங்க போறீங்கண்ணே' என்று கேளுங்கள். அது தீர்வு இல்லை, அரசின் வேலையை நாம் இலவசமாகச் செய்வதுதான். ஆனாலும் கேளுங்கள். கட்டுரை எழுதுவதாக இருந்தால் அதற்கப்புறம் எழுதலாம்.