ரம்பத்துக்கும் பூட்டு வேண்டும்!

திண்டுக்கல் என்றால் பூட்டு. 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வீட்டுக்குப் பூட்டு உண்டு. பெட்டிக்குப் பூட்டு உண்டு. சிறுமலை அடிவாரத்து மரப் பட்டறையில் சுழலும் வட்ட ரம்பத்துக்கு?

ரம்பத்தின் பூட்டு, அதன் பல்லை மூடும் தடுப்புதான். "வேலைக்கு இடைஞ்சல்" என்று அதைக் கழற்றி மூலையில் போடுகிறவர்கள் உண்டு. இது தவறு. அறுத்த பிளவு நெருங்கி ரம்பத்தைக் கவ்வினால், பலகை ஆளை நோக்கிப் பாயும். கை ரம்பத்தில் விழும்.

1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஆபத்தான இயந்திரங்களுக்குத் தடுப்பு கேட்டது. ஆனால் மின்சாரம் ஓடும் இடத்தில் 10 பேராவது இருந்தால்தான் தொழிற்சாலை என்று கணக்கு வைத்தது. அப்பாவும் மகனும் அறுக்கும் பட்டறைக்கு எந்த அதிகாரி வருவார்? அங்கே வீட்டார்தான் அதிகாரி!

கையுறை வேண்டாம், ரம்பம் அதைப் பிடித்துக் கையையும் இழுக்கும். தோள் துண்டைக் கழற்றி வையுங்கள். சிறு பலகையைக் கையால் தள்ளாதீர்கள். ஒரு கட்டையால் தள்ளுங்கள். பழைய மரமானால் முதலில் ஆணியைப் பிடுங்குங்கள். மூக்கை மூடிக்கொள்ளுங்கள், மரத்தூள் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே சொல்லிவிட்டது.

தாய்மார்களே! பட்டறைக்குப் புறப்படுகிறவரிடம், "சாப்பாடு எடுத்துக்கொண்டீர்களா?" என்று கேட்கிறீர்கள். "தடுப்பை மாட்டினீர்களா?" என்றும் கேளுங்கள். உடைந்த பூட்டுக்கு வேறு பூட்டு கிடைக்கும். போன விரல் வராது.