சொதப்பலுக்கும் ஒரு அழகு உண்டு

'ஸ்பகெட்டி வெஸ்டர்ன்'னு சொன்னா நம்ம மக்கள் செர்ஜியோ லியோனி, கிளின்ட் ஈஸ்ட்வுட்னு ஆரம்பிச்சு அங்கேயே முடிச்சுடறாங்க. லியோனி பெரிய ஆள்தான், மறுக்கலை. ஆனா அவர் பின்னாடியே வந்த நூத்துக்கணக்கான சின்ன பட்ஜெட் இத்தாலியப் படங்களை மொத்தமா 'குப்பை'ன்னு ஒதுக்கறதுல எனக்கு உடன்பாடில்லை.

குறைகளுக்குப் பஞ்சமே கிடையாது. ஸ்பெயின்ல இருக்கற அல்மேரியா பொட்டல்காட்டைக் காட்டி அமெரிக்கான்னு நம்பச் சொல்வாங்க. நடிகர்கள் ஆளுக்கொரு மொழியில பேசுவாங்க, குரல் எல்லாம் அப்புறமாத்தான் சேர்ப்பாங்க. உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம். 1966ல செர்ஜியோ கார்புச்சியோட 'ஜாங்கோ' பிச்சுக்கிட்டு ஓடினதும், சம்பந்தமே இல்லாத படத்துக்கெல்லாம் அந்தப் பேரை ஒட்டி வித்தாங்க :-)

ஆனா அந்த 'ஜாங்கோ'வையே பாருங்க. ஹீரோவுக்குக் குதிரை கிடையாது. தோள்ல சேணம், கையில கயிறு, பின்னாடி ஒரு சவப்பெட்டி. அதை இழுத்துக்கிட்டு சேத்துல நடந்து வர்றார். அந்தப் பெட்டிக்குள்ள என்னங்கற கேள்வி நம்மளை உட்கார வெச்சுடும்.

1968ல அதே கார்புச்சி எடுத்த 'தி கிரேட் சைலன்ஸ்' இன்னும் ஒரு படி மேல. மணலுக்குப் பதில் பனி. ஹீரோவுக்குப் பேச்சு வராது. கடைசியில (கதையைச் சொல்றேன், பார்க்காதவங்க தாண்டிப் போயிடுங்க) ஜெயிக்கறது வில்லன்! அதுவும் சட்டத்தைக் கையில வெச்சுக்கிட்டே. சுபமா இன்னொரு முடிவும் எடுத்து வெச்சிருந்தாங்க. ஆனா படத்துல நின்னது இதுதான்.

கோடி கோடியாக் கொட்டினவனுக்கு இந்தத் துணிச்சல் லேசுல வராதுங்கறது என் கட்சி. உதடும் வசனமும் கச்சிதமாப் பொருந்தின எத்தனையோ படம் மறந்துபோச்சு. அந்தப் பனியில விழுந்தவன் முகம் மறக்கலை.